ஒரே ஒரு பல்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஜம்முவின் ராம்நகர் பக்கம் கிடைத்த ஒரு கடைவாய்ப்பல்லைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். சுமார் 1 கோடியே 30 லட்சம் ஆண்டுகள் பழையது, கிப்பன் என்ற சிறிய வாலில்லாக் குரங்குகளின் வழியைச் சேர்ந்தது என்று சொல்லி 2020-இல் அதற்குக் 'கபி ராம்நகரென்சிஸ்' என்று பெயர் வைத்தார்கள் என்பது தகவல். அந்த நாலு வரிக்கு ஒரு கட்டுக் கடிதம் வந்திருக்கிறது. சாண வண்டைப் பற்றி மூன்று பக்கம் எழுதினேன், ஒருவரும் வாய் திறக்கவில்லை. சரி, இந்த மாதம் முழுக்கப் பல்தான்.

கேள்வி: ஒரே ஒரு பல்லை வைத்துக்கொண்டு புது விலங்கு என்று அறிவிப்பது கொஞ்சம் அதிகமாகத் தெரியவில்லையா? நான் வங்கியில் வேலை பார்க்கிறேன். ஒரே ஆதாரத்தைக் காட்டிக் கடன் கேட்டால் நாங்கள் கொடுப்பதில்லை. (ம.ரா., கரூர்)

உங்கள் வங்கியில் கொடுக்க மாட்டீர்கள். ஆனால் குரங்கு ஆய்வில் பல்தான் பெரும்பாலும் கிடைக்கிற ஒரே ஆதாரம். உடம்பிலேயே கெட்டியான பொருள் பல்லின் மேல்பூச்சான எனாமல். ஒரு குரங்கு செத்தால் நரி தின்னும், எறும்பு தின்னும், மழை அரிக்கும், ஆறு உருட்டும். விலா எலும்பும் முக எலும்பும் மெல்லியவை, முதலில் போய்விடும். கடைசியில் தாடையில் ஒரு துண்டும் சில பற்களும் மிஞ்சினால் அதிர்ஷ்டம்.

இன்னொரு காரணமும் உண்டு. பல் ஒருமுறை முளைத்துவிட்டால் தேயுமே தவிர வடிவம் மாறாது. கால் எலும்பு, நடக்கிற நடைக்கும் தூக்குகிற பாரத்துக்கும் ஏற்பக் கொஞ்சம் மாறும். பல்லின் முகடுகள் ஈறுக்குள் இருக்கும்போதே முடிவாகிவிடுகின்றன. அதனால் வம்சத்தை அடையாளம் காணப் பல் நல்ல சாட்சி.

நான் வேலை பார்த்த கல்லூரியின் விலங்கியல் துறையில் ஒரு மர இழுப்பறை இருந்தது. அதில் ஒரு நாட்டுக்குரங்கின் கீழ்த்தாடை, ஒரு கிப்பன் தாடையின் பிளாஸ்டர் வார்ப்பு. மாணவர்களைக் கண்ணை மூடச் சொல்லி, கடைவாய்ப்பல்லின் மேல் விரல்நகத்தை மெதுவாக இழுக்கச் சொல்வேன். நாட்டுக்குரங்கின் பல்லில் நகம் ஒரு மேடு ஏறும், ஒரு பள்ளம் இறங்கும், மறுபடி ஒரு மேடு. நான்கு முகடுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து குறுக்கே இரண்டு வரப்பு கட்டியிருக்கும். நம் ஊர்க் குரங்கு, மந்தி, ஆப்பிரிக்க பபூன் எல்லாவற்றுக்கும் அதே இரட்டை வரப்புதான். கிப்பன் வார்ப்பில் நகம் அப்படிப் போகாது. வரப்பு இல்லை, தனித்தனியாக ஐந்து முகடுகள், நடுவில் கிளை பிரியும் பள்ளம். கிப்பன், ஒராங்குட்டான், கொரில்லா, சிம்பன்சி, நாம் எல்லோரும் அந்தக் கூட்டம். உங்கள் கீழ்வரிசை முதல் கடைவாய்ப்பல்லை, பல் மருத்துவர் சிமெண்ட் வைத்து அடைக்காமல் விட்டிருந்தால், நாக்கால் தடவிப் பாருங்கள்.

ஆக, ஒரு நல்ல கடைவாய்ப்பல் கையில் இருந்தால் 'இது வாலுள்ள குரங்கு வழியா, வாலில்லாக் குரங்கு வழியா' என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். அதற்கு மேலே போகப் போகத்தான் தரை வழுக்கும். ராம்நகர்ப் பல்லை 2015-இல் பார்த்தவர் நியூயார்க் ஹன்டர் கல்லூரியைச் சேர்ந்த கிறிஸ்டோபர் கில்பர்ட். முந்தைய ஆண்டு ஒரு தாடை கிடைத்திருந்த சின்ன மேட்டில் ஏறும்போது, மண்ணில் ஏதோ மினுங்கியிருக்கிறது. சி.டி. ஸ்கேன் எடுத்து, வாழ்கிற குரங்குகள், அழிந்த குரங்குகள் என்று வரிசையாக ஒப்பிட்டு, ஐந்தாண்டு கழித்துத்தான் பெயர் வைத்தார்கள். கிப்பன் வம்சம் அதுவரை தெரிந்ததைவிட 50 லட்சம் ஆண்டுகளாவது பழையது என்றாகிவிட்டது.

2022-இல் டெரி ஹாரிசன் குழு சீனாவின் யுன்னான் மாகாணத்தில் கிடைத்த யுவான்மோபிதிகஸ் பற்களை ஆராய்ந்தது. அதுதான் நிச்சயமான பழைய கிப்பன், ராம்நகர்ப் பல் கிப்பனே அல்ல, அதைவிடப் பழமையான வேறொரு கூட்டத்தைச் சேர்ந்தது என்றார்கள். கிப்பனைப் போல இருப்பது வேறு, கிப்பன் வழியில் வந்தது வேறு என்பது அவர்கள் கட்சி. என்னைக் கேட்டால், பெயர் இருக்கட்டும், குடும்பத்தைப் பென்சிலில் எழுதி வைப்போம்.

கேள்வி: பிளஸ் டூ உயிரியல் பாடத்தில் 'ராமாபிதிகஸ் அதிகம் மனிதனைப் போன்றது' என்று என் மகள் மனப்பாடம் செய்கிறாள். இணையத்தில் தேடினால் அது ஒராங்குட்டானின் உறவு என்கிறார்கள். எது சரி? (சு.வ., திருநெல்வேலி)

தேர்வில் புத்தகத்தில் உள்ளதை எழுதச் சொல்லுங்கள், மதிப்பெண் முக்கியம். எழுதி முடித்து வெளியே வந்ததும் மறக்கச் சொல்லுங்கள்.

இந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். துண்டு எலும்பை வகைப்படுத்துவதில் என்னென்ன தடுமாற்றம் வரும் என்பது அத்தனையும் இந்த ஒரு விலங்கில் இருக்கிறது.

1932-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மாணவர் எட்வர்ட் லூயிஸ், இன்றைய இமாசலப் பிரதேசத்தின் ஹரிதல்யாங்கர் பகுதியில் ஒரு மேல்தாடைத் துண்டை எடுத்தார். வலது பக்கம் மட்டும். முன்கடைவாய்ப்பல் இரண்டு, கடைவாய்ப்பல் இரண்டு, கோரைப்பல் இருந்த வெறும் குழி. அவ்வளவுதான். 1934-இல் ராமாபிதிகஸ் என்று பெயர் சூட்டி, மனிதச் சாயல் இருக்கிறது என்று எழுதினார். அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, துண்டு யேலில் அலமாரிக்குள் போய்விட்டது.

1961-இல் அதே யேலின் ஆய்வாளர் எல்வின் சைமன்ஸ் அதை வெளியே எடுத்தார். கோரைப்பல்லின் குழி சின்னது. ஆகவே பல்லும் சின்னது. ஆகவே மனிதனைப் போல. எனாமல் தடிமன், மனிதனுக்கும் தடிமன். பல்வரிசை பின்னால் போகப் போக விரிகிறது. மனிதத் தாடையும் அப்படித்தான் வில்லாக வளையும், வாலில்லாக் குரங்கின் தாடையோ நம் 'ப' எழுத்து மாதிரி இரு பக்கமும் நேராக நிற்கும். இவற்றையெல்லாம் கூட்டி, மனித வம்சத்தின் முதல் ஆள் இதுதான் என்றார். சக ஆய்வாளர் டேவிட் பில்பீமும் அவருடன் சேர்ந்துகொண்டார். சுமார் 1 கோடியே 40 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே மனித வழி பிரிந்துவிட்டது என்பது பாடப்புத்தகம் வரை போய்ச் சேர்ந்தது. கோரைப்பல் சின்னது என்றால் கையில் ஆயுதம் இருந்திருக்கும், இரண்டு காலில் நடந்திருக்கும் என்றெல்லாம் மேலே மேலே கட்டினார்கள். கையும் காலும் கிடைக்கவே இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே பிசகியது? முதலில் அந்த வில். தாடையின் நடுக்கோடு அந்தத் துண்டில் இல்லை. உடைந்த வளையலில் ஒரு துண்டு கிடைத்தால் முழு வளையலை வரைந்துவிடலாம், ஏனென்றால் வளையல் வட்டம் என்பது முன்பே தெரியும். தாடை வில்லா, 'ப'வா என்பதுதானே இங்கே கேள்வி? துண்டைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் வில், இன்னும் கொஞ்சம் திருப்பினால் குரங்கு. திருப்பிய கை எதை எதிர்பார்த்ததோ அதுவே வந்தது. பின்னால் நடுப்பகுதியுடன் தாடைகள் கிடைத்தபோது வில்லைக் காணோம்.

அப்புறம் அந்தச் சின்னக் கோரைப்பல். பெரிய வாலில்லாக் குரங்குகள் சிலவற்றில் ஆணுக்கும் பெண்ணுக்கும் அளவில் பெரிய வித்தியாசம் உண்டு. ஒராங்குட்டானில் ஆண், பெண்ணைப் போல் இரண்டு மடங்கு எடை. கோரைப்பல்லும் அதற்கேற்ப. ஹரிதல்யாங்கர் இருக்கிற அதே சிவாலிக் மலைப் படிவுகளில் சிவாபிதிகஸ் என்ற பெரிய குரங்கின் எச்சங்களும் கிடைத்துக்கொண்டிருந்தன. 'ராமா'வில் பல, அந்தச் 'சிவா'வின் சிறிய உருவங்கள்தான், அதிலும் பெண்கள்தான் என்பது மெதுவாகத் தெளிவானது. தடிமனான எனாமலும் வம்சச் சான்று இல்லை. கடினமான கொட்டைகளைக் கடிக்கிற எந்த வழியிலும் அது தனித்தனியாக வரலாம்.

இதற்கிடையில் 1967-இல் பெர்க்லியில் வின்சென்ட் சாரிச், ஆலன் வில்சன் என்ற இருவர், எலும்பையே தொடாமல், ரத்தத்தில் உள்ள ஆல்புமின் புரதத்தை ஒப்பிட்டு, மனிதனும் ஆப்பிரிக்க வாலில்லாக் குரங்குகளும் பிரிந்து சுமார் 50 லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன என்றார்கள். அப்படியானால் 1 கோடியே 40 லட்சம் ஆண்டு பழைய விலங்கு, என்ன முகஜாடை காட்டினாலும், மனித வழியில் இருக்க முடியாது. எலும்புக்காரர்கள் இதை லேசில் ஏற்கவில்லை. ரத்தம் பார்க்கிறவனுக்கு எலும்பைப் பற்றி என்ன தெரியும் என்ற தோரணை.

முடித்துவைத்தது ஒரு முகம். பாகிஸ்தானின் பொட்வார் மேட்டுநிலத்தில் அந்நாட்டுப் புவியியல் துறையுடன் சேர்ந்து தோண்டிய பில்பீம் குழுவுக்கு சிவாபிதிகஸின் முகப்பகுதி கிடைத்தது. 1982-இல் வெளியிட்டார்கள். உயரமான முட்டை வடிவக் கண்குழிகள், அவற்றுக்கிடையே குறுகிய இடைவெளி, பக்கவாட்டில் பார்த்தால் உள்வாங்கிய முகம், மூக்கின் தரை தடையில்லாமல் வழுவழுவென்று மேல்தாடைக்குள் இறங்குவது என எல்லாம் ஒராங்குட்டான். மனித மூதாதை என்று எழுதிய அதே பில்பீம்தான் இதையும் எழுதினார். எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கும்.

இத்துடன் முடிந்தது என்று பார்த்தால், 1990-இல் சிவாபிதிகஸின் மேற்கை எலும்புகள் வெளியாயின. முகம் ஒராங்குட்டான், கை ஒராங்குட்டான் இல்லை. கிளையில் தொங்குகிற கையாக இல்லாமல், நாலு காலில் நடக்கிற விலங்கின் கை மாதிரி இருக்கிறது. முகத்தை நம்புவதா, கையை நம்புவதா என்று இன்றும் சிலர் வாதாடுகிறார்கள். பெரும்பாலோர் முகத்தின் பக்கம். மகளிடம் இதையும் சொல்லுங்கள், தேர்வுக்குப் பிறகு.

கேள்வி: ராமாபிதிகஸ் என்ற பெயரை நீக்கிவிட்டு சிவாபிதிகஸை மட்டும் வைத்துக்கொண்டதில் உள்நோக்கம் ஏதும் உண்டா? (வாசகர், கும்பகோணம்)

சைவ வைணவச் சண்டையை இங்கே கொண்டுவராதீர்கள். இரண்டு பெயர் ஒரே விலங்குக்குப் போய்ச் சேர்ந்தால் முதலில் அச்சேறிய பெயர் நிற்கும், பிந்தியது போகும். விலங்குப் பெயர்களுக்கான உலகப் பொது விதி அது. கை பில்கிரிம் சிவாபிதிகஸ் என்று எழுதியது 1910-இல். லூயிஸ் எழுதியது 1934-இல். லூயிஸ் எடுத்த தாடைத் துண்டை யாரும் தூக்கிப் போடவில்லை. இப்போது வேறு பெயரில் இருக்கிறது.

கேள்வி: ஒரு பன்றிப் பல்லை ஆதிமனிதன் பல் என்று விஞ்ஞானிகள் சொல்லி ஊரை ஏமாற்றினார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா, கட்டுக்கதையா? (கே.ஜோ., நாகர்கோவில்)

பல் உண்மை, ஏமாற்றியது பொய்.

அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஹரால்ட் குக் என்பவர் எடுத்து வைத்திருந்த ஒரு தேய்ந்த கடைவாய்ப்பல், நியூயார்க் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் தலைவர் ஹென்றி ஆஸ்போர்னிடம் 1922-இல் வந்தது. அமெரிக்காவின் முதல் மனிதக்குரங்கு என்று சொல்லி 'ஹெஸ்பரோபிதிகஸ்' என்று பெயர் வைத்தார். லண்டன் படப் பத்திரிகை ஒன்று அந்த ஒற்றைப் பல்லிலிருந்து ஆணும் பெண்ணுமாக ஒரு ஜோடியையே வரைந்து வெளியிட்டது. கையில் தடி வேறு. அந்தப் படம் ஆஸ்போர்னுக்கே ரசிக்கவில்லை.

பன்றிக் கூட்டத்தின் கடைவாய்ப்பல்லும் நம்முடையதும், எல்லாவற்றையும் தின்கிற வாயில் இருப்பதால், உருண்டையான தாழ்ந்த முகடுகள் கொண்டவை. தேய்ந்து முகடு போய்விட்டால் குழப்பம் வர நியாயம் இருக்கிறது. பெக்கரி என்பது பன்றியை ஒத்த அமெரிக்க விலங்கு. அதே இடத்தில் மறுபடி தோண்டி, கூடுதல் எச்சங்கள் கிடைத்ததும், அழிந்துபோன ஒரு பெக்கரியின் பல் அது என்று தெரிந்தது. 1927-இல் அதே அருங்காட்சியகத்தின் வில்லியம் கிரிகரி, சயன்ஸ் இதழில் அதை அச்சிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டார். வாட்ஸ்அப் செய்தியில் இந்தக் கடைசிப் பகுதி மட்டும் எப்படியோ விழுந்துவிடுகிறது.

கேள்வி: ஜைகாண்டோபிதிகஸ் என்ற அழிந்துபோன ராட்சதக் குரங்கு பத்தடி உயரம் என்கிறார்கள். முழு எலும்புக்கூடு எந்த மியூசியத்தில் இருக்கிறது? பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். (ப.செ., ஈரோடு)

எந்த மியூசியத்திலும் இல்லை. அந்த விலங்கின் ஒரு கால் எலும்புகூட இதுவரை கிடைக்கவில்லை. நான்கு கீழ்த்தாடைகளும் ஏறக்குறைய 2,000 பற்களும்தான் மொத்த ஆஸ்தி. மியூசியங்களில் நிற்பது கற்பனை உருவம். பத்தடி என்பது, பல் இவ்வளவு பெரிது என்றால் உடம்பு எவ்வளவு இருக்கும் என்று போட்ட கணக்கு. பெரிய பல் இருந்தால் உடம்பும் அதே விகிதத்தில் பெரிதாக இருந்தாக வேண்டும் என்று விதி கிடையாது. பிள்ளைகளிடம் 'ரொம்பப் பெரிய குரங்கு' என்று சொன்னால் போதும்.

அது உலகத்துக்குத் தெரியவந்ததே ஒரு மருந்துக் கடையில். சீன நாட்டு வைத்தியத்தில் 'டிராகன் பல்' என்று புதைபடிவப் பற்களை அரைத்துக் கொடுப்பார்கள். 1935-இல் ஹாங்காங் கடை ஒன்றில் ரால்ஃப் வான் கோனிக்ஸ்வால்ட் அப்படி ஒரு ராட்சதக் கடைவாய்ப்பல்லைக் கண்டார். எந்தக் குகை, எந்த மண்ணடுக்கு என்று ஒன்றும் தெரியாது. ஃபிரான்ஸ் வைடன்ரைக் போன்ற பெரிய நிபுணர், இது குரங்கு அல்ல, ராட்சத மனிதன், நம் மூதாதை என்றே 1940-களில் வாதாடினார். 1950-களில் சீனாவின் குவாங்சி பகுதிக் குகைகளில் தாடைகள் கிடைத்த பிறகுதான் பேச்சு அடங்கியது. மீதி எலும்பெல்லாம் எங்கே போயிற்று என்றால், முள்ளம்பன்றிகள் கொறித்துத் தீர்த்திருக்கும் என்பது ஒரு விளக்கம்.

ஆனாலும் வம்சம் எது என்ற கேள்வி பல்லின் வடிவத்தால் தீரவில்லை. வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் டி.என்.ஏ. அவ்வளவு காலம் தாங்காது. எனாமலுக்குள் சிக்கிய புரதம் தாங்கும். 2019-இல் சுமார் 19 லட்சம் ஆண்டு பழைய ஒரு பல்லின் எனாமலிலிருந்து புரதத்தைப் பிரித்தெடுத்து வரிசைப்படுத்தினார்கள். ஒராங்குட்டானின் உறவு, பிரிந்து 1 கோடி ஆண்டுக்கு மேல் ஆகிறது என்று விடை வந்தது.

கேள்வி: எங்கள் ஊர்ப் பக்கம் கடவூரில் தேவாங்குக்குச் சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள். முழு எலும்புக்கூடாகக் கிடைத்த 'ஐடா' என்ற குரங்கு தேவாங்கின் மூதாதையா, நம் மூதாதையா? முழுசாகக் கிடைத்தால் சண்டை இருக்காதே? (த.மு., திண்டுக்கல்)

முழுசாகக் கிடைத்துத்தான் பெரிய சண்டையே வந்தது.

ஜெர்மனியின் மெசெல் பள்ளத்தில் 1983-இல் தனியார் தோண்டி எடுத்தது ஐடா. 4 கோடியே 70 லட்சம் ஆண்டு பழைய குட்டி. எலும்பில் 95 சதவீதம் இருக்கிறது, உடம்பின் நிழல் மாதிரி ரோமத்தின் தடம், வயிற்றில் கடைசியாகத் தின்ற பழமும் இலையும். ஓஸ்லோ அருங்காட்சியகம் விலைக்கு வாங்கி, 2009 மே மாதம் நியூயார்க்கில் மேடை போட்டு அறிவித்தார்கள். டார்வினியஸ் என்று பெயர். குரங்கு, மனிதன் அடங்கிய நம் பக்கத்துக்கு நெருக்கம் என்றார்கள்.

அவர்கள் காட்டிய காரணத்தைப் புரிந்துகொள்ள உங்கள் ஊர்த் தேவாங்கே போதும். அதன் பின்னங்காலில் இரண்டாவது விரலில் மட்டும் நகத்துக்குப் பதில் நிமிர்ந்த ஒரு கூர்நகம் இருக்கும், ரோமம் கோதுவதற்கு. கீழ்வரிசை முன்பற்கள் நெருக்கமாக முன்னால் நீட்டிச் சீப்பு மாதிரி இருக்கும். ஐடாவில் இந்தச் சீப்பும் இல்லை, கோதும் நகமும் இல்லை. ஆகவே தேவாங்குப் பக்கம் இல்லை, நம் பக்கம் என்பது வாதம்.

இந்த வாதத்தில் பெரிய ஓட்டை. ஐடா வாழ்ந்த காலத்தில் தேவாங்கு வழியில் சிலவற்றுக்குப் பல்சீப்பு இன்னும் உருவாகாமலே இருந்திருக்கலாம். பிறகு வந்த ஒன்று இல்லை என்பதால் எதிர்க்கட்சியில் சேர்த்துவிட முடியாது. அதே ஆண்டு அக்டோபரில் எரிக் சீஃபர்ட் குழு, எகிப்தின் ஃபயூம் பகுதியில் கிடைத்த அஃப்ராடாபிஸ் என்ற குரங்கை விவரித்து, நூற்றுக்கும் மேற்பட்ட வாழும், அழிந்த இனங்களோடு உறுப்பு உறுப்பாக ஒப்பிட்டது. ஐடா தேவாங்கு, லெமூர் பக்கத்தில்தான் போய் உட்கார்ந்தது. இன்று பெரும்பாலோர் அதைத்தான் ஏற்கிறார்கள். ஆனால் தேவாங்கின் நேர் மூதாதை அல்ல, வாரிசு இல்லாமல் போன ஒரு பக்கக் கிளை. அந்த அஃப்ராடாபிஸ் கிடைத்தது என்னவாக என்று கேட்கிறீர்களா? தாடையும் பற்களும்தான்.

கேள்வி: பி.எஸ்சி. விலங்கியல் முதலாமாண்டு படிக்கிறேன். இந்தத் துறைக்குப் போக இப்போதே என்ன செய்யலாம்? (மாணவி, திருச்செங்கோடு)

கறிக்கடைக்குப் போங்கள். ஆட்டுத் தலை, பன்றித் தலை வாங்குகிறவர்களிடம் தாடையைக் கேட்டு வாங்கி, வேகவைத்துச் சுத்தம் செய்து, காயவைத்து, எந்த விலங்கு, என்ன வயது, ஆணா பெண்ணா என்று ஒட்டி எழுதி வையுங்கள். ஒரே இனத்தில் பத்துத் தாடை சேர்த்தால், ஒரே இனத்துக்குள்ளேயே எவ்வளவு வித்தியாசம் வரும் என்பது கைக்குத் தெரியும். அது தெரியாமல் இரண்டு இனத்தைப் பிரிக்கப் போகக்கூடாது. கூடவே புவியியல் படியுங்கள், மண்ணடுக்கு தெரியாதவருக்குப் பல்லின் வயது தெரியாது. முதுகலைக்குப் பிறகு சண்டிகர் பஞ்சாப் பல்கலைக்கழகம், டேராடூன் வாடியா நிறுவனம் இரண்டையும் பாருங்கள், சிவாலிக் வேலை அங்கே நடக்கிறது. எங்காவது மலைச்சரிவில் ஒரு பல்லைப் பார்த்தால் உடனே பிடுங்கிப் பையில் போடாதீர்கள். முதலில் இருந்த இடத்திலேயே படம், பக்கத்தில் ஒரு அளவுகோல், ஜி.பி.எஸ். எண், எந்த நிற அடுக்கு என்ற குறிப்பு. அதற்கப்புறம் நீங்களாக எடுக்காமல், அந்தப் பகுதியில் வேலை செய்கிற ஆய்வாளருக்குச் சொல்லி அனுப்புங்கள்.

பன்றித் தாடையை வீட்டில் வேகவைக்கும் முன் அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.